பழைய வீடு வாங்கிக் குடியேறியாச்சு. இதன் குணம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வாருங்கள்

அரசலாற்றங்கரை
அக்டோபர் 19

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றைத் தாண்டி ஒரு கிராமத்தில் பழைய வீடு வாங்கி ஆவணியில் பால் காய்ச்சிக் குடி வந்துவிட்டோம். திண்ணை, ரேழி (வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள நடை), கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கிணறு, அதற்குப் பின்னால் நீளமான கொல்லை. முன்பகுதி முழுக்க மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய கால மேல்தளம். சமையலறையும் அதை ஒட்டிய குளியலறையும் மட்டும் பின்னாளில் கான்கிரீட் போட்டு இழுத்துக் கட்டியவை. விற்ற பெரியவர் மகளோடு இருக்க பெங்களூரு போய்விட்டார். போகிற அன்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "தங்கமான வீடு, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது, முரண்டும் பிறந்தது. மழை பிடித்ததுமே வாசல் கதவு இறுகிவிட்டது. தோளால் இடித்தால்தான் திறக்கிறது. ஆசாரி வந்து பார்த்து, இழைத்துவிடலாம் என்கிறார். கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது; தொட்டால் விரலில் வெள்ளையாக உப்பு ஒட்டுகிறது. விற்பதற்குச் சற்று முன்புதான் சிமெண்ட் பூசிப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பழைய கூடமும் புதுச் சமையலறையும் சேர்கிற இடத்தில் ஒழுகல். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. போட்டால் எதுவும் எரியவில்லை, எதுவும் ஓடவில்லை. ஊருக்குப் போய்விட்டு வந்தால் குளியலறையில் சாக்கடை நாற்றம். முற்றத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றுவிட்டு நிதானமாக வடிகிறது. இது போதாதென்று நடுராத்திரியில் கூடத்துக் கூரைக்கு மேல் யாரோ நடக்கிற சத்தம். இதைக் கேட்டதிலிருந்து என் மாமியார் திருநீறு பூசிக்கொள்ளாமல் படுப்பதில்லை.

எதை முதலில் பார்ப்பது? ஒரே மூச்சில் ஆள் வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாமா?

சதுரஅடி
அக்டோபர் 19

மனைக்காகத்தானே வாங்கினீர்கள்? இடித்துவிட்டுக் கட்டுங்கள் சார். தேக்கு உத்திரம், கதவு, ஜன்னல், தூண் எல்லாவற்றையும் காரைக்குடிப் பக்கம் பழைய மரச்சாமான் வாங்குகிறவர்களிடம் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கும். பழைய வீட்டில் ரிப்பேருக்குப் போடுகிற பணத்துக்குக் கணக்கே இருக்காது.

வயர்பெட்டி
அக்டோபர் 20

கதவு, சுவர், பேய் எல்லாம் அப்புறம். முதலில் அந்த சுவிட்ச். அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆஃப் செய்து மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

எதுவும் எரியாத சுவிட்ச் என்றால் வெறும் சுவிட்ச் என்று அர்த்தமில்லை. அதிலிருந்து ஒரு வயர் எங்கேயோ போய் முடிகிறது. முடிகிற இடத்தில் முன்பு விளக்கோ மோட்டாரோ இருந்து, அதைக் கழற்றியவர்கள் வயர் முனையை டேப் சுற்றிச் சுவருக்குள் தள்ளிப் பூசியிருப்பார்கள். ஈரச் சுவர் என்று வேறு சொல்கிறீர்கள். நாற்பது வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி வயர் இல்லாத பழைய வீடு அபூர்வம்.

அப்படியே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். மூன்று ஓட்டை பிளக்கில் மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த். பழைய வீடுகளில் பிளக் பாயின்ட் மாற்றியிருப்பார்கள், எர்த் வயர் இழுத்திருக்க மாட்டார்கள், பார்வைக்குத் தெரியாது. டெஸ்ட் லாம்ப் வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பார்த்தால் பல்லைக் காட்டிவிடும். கொல்லையில் எர்த் குழி இருக்கிறதா என்றும் தேடுங்கள். உப்பும் கரியும் போட்ட குழி கோடையில் காய்ந்து போனால் வேலை செய்யாது, சித்திரை வைகாசியில் வாரம் ஒரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே கட் செய்கிற சுவிட்ச்) ஒன்று போடுங்கள். ஷாக் அடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கட் ஆகிவிடும். இதற்கு மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கொரட்டூர் கோமதி
அக்டோபர் 20

நாங்களும் சென்னையில் எண்பதுகளில் கட்டிய தனி வீட்டைத்தான் வாங்கினோம். அனுபவத்தில் சொல்கிறேன், இந்த மாதத்தில் கதவை இழைக்க விடாதீர்கள். மரம் ஈரம் குடித்து அகலவாட்டில் உப்பும். இப்போது இழைத்துச் சரியாக உட்கார வைத்தால் பங்குனியில் காய்ந்து சுருங்கும்போது விரல் நுழையும் இடைவெளி விட்டுவிடும். பல்லி, பூரான் எல்லாம் உள்ளே வரும். கதவு எங்கே உரசுகிறது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். அந்த இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் இப்போதைக்குப் போதும். மாசியிலும் உரசினால் அப்போது ஆசாரியைக் கூப்பிடலாம்.

குளியலறை நாற்றத்துக்கு ஆள் வைக்கவே வேண்டாம். தரையில் ஜாலி மூடி போட்ட டிராப் இருக்கிறதல்லவா, அதற்குள் எப்போதும் இரண்டு அங்குலம் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் செப்டிக் டேங்க் காற்றை மேலே வரவிடாமல் அடைக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் அது ஆவியாகிவிடும், நாற்றம் ஏறும். கிளம்பும்போது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து ஆவியாகாமல் காக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகும் நாறினால் டிராப்பே போடாமல் நேராகக் குழாயைச் சொருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதையும் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு ஓவர்சியர்
அக்டோபர் 21

சதுரஅடி அவர்களுக்கு முதலில் பதில். தேக்கு உத்திரத்தை விற்கிற விலைக்கு அதே தேக்கைத் திரும்ப வாங்க முடியுமா? சரி, அது இருக்கட்டும்.

கேள்வி கேட்டவருக்கு: மெட்ராஸ் டெரஸ் எப்படிப் போட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். சுவருக்குச் சுவர் உத்திரம், அதன் மேல் குறுக்கே நெருக்கமாகச் சட்டங்கள். சட்டத்தின் மேல் மெல்லிய சின்ன செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை பிடித்துச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே மரப்பலகை அடித்துக் கான்கிரீட் கொட்டுகிற வேலையே கிடையாது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவது. கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். வெயில் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். சித்திரையில் உங்களுக்கே தெரியும்.

இந்தக் கூரையில் முதலில் போவது உத்திரத்தின் நுனி. நடுவில் பார்த்தால் பளபளவென்று இருக்கும். சுவருக்குள் புதைந்த முனையில்தான் ஈரமும் கரையானும் சேரும். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு உத்திரத்தையும் சுவரோடு சேரும் இடத்தில் சுத்தியால் தட்டுங்கள். டங்கென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் உடனே அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று கேட்க மறந்தேன். தண்ணீர்த் தொட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள்? ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். பழைய தளத்தின் மேல் நட்டநடுவில் பிளாஸ்டிக் தொட்டியை உட்கார வைத்திருந்தால் அதை முதலில் இறக்குங்கள்.

சுவர் உப்புக்கு வருகிறேன். பழைய செங்கல் சுவரில் அஸ்திவாரத்திலிருந்து ஈரம் ஏறுவது இயல்பு. ஓதம் என்போமே, அதுதான். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஏறின ஈரம் அப்படியே வெளியே ஆறிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதன் மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அடித்து வாயை அடைத்துவிட்டார்கள். ஈரத்துக்குப் போக வழியில்லை, உப்பைக் கொண்டுவந்து பெயிண்டுக்குப் பின்னால் சேர்க்கிறது, பெயிண்ட் பொரிகிறது. மேலே இன்னொரு வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் ஓதம் இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறும். மழை முடிந்ததும் சிமெண்ட் பூச்சை ஓதம் தெரிகிற உயரத்துக்கு மேலும் ஒரு முழம் சேர்த்துக் கொத்தி எடுங்கள். வெறும் செங்கல்லாகச் சில வாரம் ஆற விடுங்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் வெள்ளையடிப்பு. அதுவரை உதிர்கிறதைப் பெருக்கி எடுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

மொத்தத்தில் என் கட்சி இது: மின்சாரமும் உத்திர நுனியும் காத்திருக்கக் கூடாது. மற்ற எதிலும் இந்த மழையும் வரும் கோடையும் போகும்வரை பெரிய கை வைக்காதீர்கள். தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது, எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பின்னால் வருகிற கொத்தனாருக்கு அந்த நோட்டை விட நல்ல பிளான் கிடையாது.

வலங்கைமான் வாசி
அக்டோபர் 21

மாமியாரிடம் சொல்லுங்கள், அது மரநாய். ராத்திரி தொம் என்று ஒரு குதி, அப்புறம் தடதடவென்று ஒரே ஓட்டம். பகலில் சத்தமே இருக்காது. அதிகாலையில் எங்கிருந்தோ சாதம் வேகிற மாதிரி ஒரு வாசனை வருகிறதா?

அரசலாற்றங்கரை
அக்டோபர் 22

வருகிறது! பக்கத்து வீட்டில் விடிகாலையில் பொங்கல் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மனைவி அவர்களிடம் விசாரித்தே விட்டாள். அவர்கள் வீட்டில் இட்லிதானாம்.

வயர்பெட்டி அண்ணே, சுவிட்ச்சுக்கு டேப் ஒட்டிவிட்டேன். எலெக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஓவர்சியர் சார், தொட்டி சமையலறைக் கான்கிரீட் மேல்தான் இருக்கிறது, பிழைத்தோம். உத்திர நுனிகளைத் தட்டிப் பார்த்தோம்; கூடத்தில் எல்லாம் டங். ரேழியில் தெருப் பக்கத்து நுனி ஒன்று மட்டும் சத்தம் மாறுகிறது, ஸ்க்ரூ டிரைவர் நுனியளவு இறங்குகிறது.

வலங்கைமான் வாசி
அக்டோபர் 22

பிறகென்ன, மரநாயேதான். பழம் தின்னும், எலியும் தின்னும். ஒருவரையும் ஒன்றும் செய்யாது. விஷம் வைப்பது, கூண்டு வைத்துப் பிடிப்பது எல்லாம் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற விலங்கு. உங்கள் தளத்துக்கு மேல் ஏதாவது ஓட்டுக் கொட்டகையோ தகரக் கூரையோ இருக்கும், அதற்கும் தளத்துக்கும் நடுவில்தான் குடித்தனம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் இரை தேடக் கிளம்பும். அது போன பிறகு புகுகிற வழியைக் கம்பிவலை அடித்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் உள்ளே டார்ச் அடித்துக் குட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். குட்டி இருந்தால் அவை வளர்ந்து போகும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். தாயைப் பிரித்தால் குட்டிகள் செத்து நாறும், தாய் ஓட்டைப் பெயர்க்கும்.

கூரையைத் தொட்டுக்கொண்டு மரக்கிளை இருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். அதுதான் அதற்கு மாடிப்படி.

ஓய்வு ஓவர்சியர்
அக்டோபர் 22

நுனியளவு இறங்குவது ஆபத்தில்லை, ஆனால் விட்டு வைக்க வேண்டாம். அந்த உத்திரத்துக்கு நேர் மேலே தளத்தில் மழைத்தண்ணீர் போகிற தூம்பு இருக்கிறதா பாருங்கள். அநேகமாக இருக்கும். இலை அடைத்துத் தண்ணீர் தேங்கிச் சுவர் வழியாக இறங்கியிருக்கும். தூம்பைச் சுத்தம் செய்து, அடியில் ஒரு இரும்புக் குழாயை ஜாக்கியோடு முட்டுக் கொடுங்கள். மழை முடிந்து காய்ந்த பிறகு நுனிக்கு அடியில் கல் தாங்கி ஒன்று வைக்கலாம், உத்திரத்தை மாற்ற வேண்டியிருக்காது.

அரசலாற்றங்கரை
அக்டோபர் 27

தூம்பு அங்கேயேதான் இருந்தது சார். உள்ளே கைவிட்டால் மாவிலை, புறா இறகு, அடியில் ஒரு ரப்பர் பந்து. பந்தைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர், அது அவர் மகன் சின்ன வயதில் தொலைத்தது என்று வாங்கிக்கொண்டு போனார். மகனுக்கு இப்போது கல்யாண வயதில் பெண் இருக்கிறாள்.

சுவிட்ச் விஷயம். எலெக்ட்ரீஷியன் போர்டைக் கழற்றி வயரைப் பிடித்துக்கொண்டு போனார். பூஜை அலமாரிக்குப் பின்னால் இறங்கி, இரண்டாங்கட்டு நிலைக்கு மேலாகப் போய், கிணற்றடிச் சுவருக்குள் மறைகிறது. அங்கே பூச்சைத் தட்டினால் ஒரு இடத்தில் வேறு சத்தம். கொத்திப் பார்த்தால் பழைய மரப்பெட்டி, அதற்குள் துணி டேப் சுற்றிய இரண்டு முனை. டேப் பொடிப்பொடியாக இருக்கிறது. சுவிட்ச்சைப் போட்டு டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. கிணற்றில் முன்பு மோட்டார் வைத்திருந்தார்களாம். பெரியவருக்குப் போன் போட்டபோது, "ஆமாம், அது எண்பத்தி எட்டிலேயே எரிஞ்சு போச்சே" என்றார். அந்தச் சுவரில்தான் என் மனைவி ஈரத் துணியைக் கொடி கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வயரை முழுசாக உருவி எடுத்துவிட்டோம். ஆர்சிசிபியும் போட்டாயிற்று.

ஆனால் ஆர்சிசிபி போட்ட நாளிலிருந்து இன்வெர்ட்டர் லைன் விளக்கைப் போட்டால் மொத்த வீடும் கட் ஆகிறது. எலெக்ட்ரீஷியன், "இந்த வீட்டுக்கு ஒத்து வரலை, கழட்டிடலாம்" என்கிறார்.

வயர்பெட்டி
அக்டோபர் 27

கழற்ற விடாதீர்கள்! இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் (கரண்ட் திரும்புகிற வயர்) மெயின் லைனின் நியூட்ரலும் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் ஒன்றாக முறுக்கிக் கிடக்கின்றன. ஒரு வழியாகப் போகும் கரண்ட் வேறு வழியாகத் திரும்பினால், கசிகிறது என்று நினைத்து ஆர்சிசிபி கட் செய்யும். அது தன் வேலையைச் செய்கிறது. இரண்டு நியூட்ரலையும் பிரித்துத் தனித்தனியாக இழுக்கச் சொல்லுங்கள். பெட்டி பெட்டியாகத் திறந்து பார்க்க வேண்டிய வேலை என்பதால் ஆள் சுணங்குவார். கூட நின்று டீ வாங்கிக் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் படிப்பவன்
அக்டோபர் 29

எல்லோரும் கல்லையும் மரத்தையும் பேசுகிறீர்கள். பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு என்றால் கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தை ஒருமுறை ஆற அமரப் படியுங்கள். "பொதுச்சுவர் பாத்தியம்", "நடைபாதை பாத்தியம்", "கிணற்றுப் பாத்தியம்" என்று ஏதாவது உரிமை எழுதியிருக்கிறதா? பக்கத்து வீட்டு உத்திரம் உங்கள் சுவரில் ஏறியிருந்தால் நாளைக்கு அந்தச் சுவரை இஷ்டப்படி இடிக்க முடியாது. பத்திரத்தில் இல்லாவிட்டாலும், வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக 20 வருஷம் அனுபவித்து வந்தால் 1882 வசதியுரிமைச் சட்டப்படி அந்த உரிமையைக் கோரலாம்.

அப்புறம் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றியாயிற்றா? பெங்களூரு பெரியவர் கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

அரசலாற்றங்கரை
அக்டோபர் 30

பெயர் மாற்றம் எல்லாம் நடக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன பாத்தியம் பற்றித்தான் கேட்க நினைத்தேன். தெற்குப் பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் காலையில் நம் கொல்லைக் கதவு வழியாக வந்து கிணற்றில் இரண்டு குடம் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் கறிவேப்பிலையும் ஒடித்துக்கொண்டு போகிறார். முதல் நாள் எங்களுக்குத் திக்கென்றது. அவருக்கோ நாங்கள் ஏன் முழிக்கிறோம் என்று ஆச்சரியம். அவர் கல்யாணமாகி வந்ததிலிருந்து இதே வழக்கமாம். பத்திரத்தில் கிணற்றைப் பற்றி எதுவும் இல்லை.

இந்தத் தெருவைப் பொறுத்தவரை வீடே எங்களுடையது இல்லை. கூரியர்காரர் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "பட்டாமணியார் வீட்டுல புதுசா வந்திருக்காங்களே, அவங்களா?" என்கிறார்கள். கிராமத்தில் வரி வசூலித்த பட்டாமணியம், கணக்கு எழுதிய கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980-இலேயே எடுத்தாயிற்று. வீட்டுக்கு மட்டும் பதவி போகவில்லை.

சதுரஅடி
அக்டோபர் 30

கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போடுங்கள். இன்றைக்கு இரண்டு குடம், நாளைக்குக் கோர்ட்டு.

கொரட்டூர் கோமதி
அக்டோபர் 30

பூட்டுப் போட்டால் ராத்திரி உடம்பு முடியாமல் போனால் யார் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் வேறு சார்.

பத்திரம் படிப்பவன்
அக்டோபர் 31

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. அனுமதியின் பேரில் நடக்கிற பழக்கம் உரிமையாகாது. எனவே ஒருநாள் அந்த அம்மாளிடம், "தாராளமா எடுத்துக்கோங்க மாமி, ஊருக்குப் போகிற அன்னைக்கு மட்டும் கதவைப் பூட்டிக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். உறவும் கெடாது, நீங்கள் அனுமதித்துத்தான் நடக்கிறது என்பதும் விளங்கும். நாலு பேர் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது.

அரசலாற்றங்கரை
நவம்பர் 16

நேற்று ராத்திரி பெய்த மழையில் முற்றத்துத் தண்ணீர் கூடத்து விளிம்பைத் தொட்டுவிட்டது. வடிகிற மாதிரித் தெரியவில்லை. முற்றத்து மூலையில் இருக்கிற ஜலதாரை, கூடத்துக்கும் ரேழிக்கும் அடியில் ஓடித் தெருச் சாக்கடையில் போய்ச் சேர்கிறது. தெருப் பக்கத்து வாயில் ஒரு கோணிச்சாக்கைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார்கள். அடைப்பு அதுதான் என்று சந்தோஷமாக எடுத்துப் போட்டேன். எடுத்ததும் தெருத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது! திரும்பச் சொருகுவதற்குள் முற்றத்தில் இரண்டு தவளை.

வலங்கைமான் வாசி
நவம்பர் 16

ரோடு உயர்ந்திருக்கும். எங்கள் தெருவிலும் அதே கதை. பழைய தாரைச் சுரண்டாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் போட்டு, ஏறிப் போன திண்ணைக்கு இப்போது இறங்கிப் போகிறோம். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது, போடுகிற அன்று நாம் வாசலில் நின்று கேட்டால்தான் நடக்கும்.

சதுரஅடி
நவம்பர் 16

இப்போதெல்லாம் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி நாலடி தூக்குகிறார்கள். சென்னையில் நிறைய நடக்கிறது. விசாரித்துப் பாருங்கள். (இடிக்கச் சொல்லவில்லை, கவனிக்க.)

ஓய்வு ஓவர்சியர்
நவம்பர் 17

முன்னேற்றம்தான். ஆனால் இந்த வீட்டுக்கு ஜாக்கி யோசனை வேண்டாம். சிமெண்டில் கட்டிய, சுவருக்கு அடியில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் பீம் ஓடுகிற வீடுகளுக்கே மிகுந்த கவனம் தேவைப்படுகிற வேலை அது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ், இரு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். தூக்கினால் பக்கத்து வீட்டையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

அந்தக் கோணிச்சாக்கைச் சொருகியவர் விவரம் தெரிந்தவர். தெரு மட்டம் உயர்ந்த பிறகு ஜலதாரை இரண்டு பக்கமும் ஓட ஆரம்பித்துவிட்டது. மழை பலத்தால் அடைத்துவிட்டு, தெரு வடிந்ததும் திறந்துவிடுவது அவர் முறையாக இருந்திருக்கும். பெரியவரையே கேளுங்கள்.

சாக்குக்குப் பதில், தண்ணீர் வெளியே மட்டும் போகிற மாதிரி மூடி வைத்த வால்வு ஒன்று தெருப் பக்கம் பொருத்தலாம். ஆனால் தெரு நிரம்பியிருக்கும்போது முற்றத்துத் தண்ணீருக்கு வேறு போக்கு வேண்டும். உங்களிடம்தான் கிணறு இருக்கிறதே. கொல்லைப் பக்கம் ஒரு குழாய் போட்டு, வழியில் தொட்டி கட்டி, அடியில் கூழாங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் நிரப்பி வடிகட்டிக் கிணற்றுக்குள் விடுங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாங்கள் ஊர் ஊராகச் செய்த வேலைதான் இது. முதல் மழையை மட்டும் உள்ளே விடாமல் வெளியே தள்ள ஒரு திருப்பம் வையுங்கள், தளத்துப் புறா எச்சம் எல்லாம் அதில் போய்விடும். தெருத் தண்ணீர் மட்டும் எக்காரணம் கொண்டும் அந்தக் குழாயில் கலக்கக் கூடாது. அந்த அம்மாள் குடத்தில் எடுத்துப் போகிற தண்ணீர்.

அரசலாற்றங்கரை
நவம்பர் 18

பெரியவரிடம் பேசினேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி. "சாக்கை எடுத்தியா? யாரைக் கேட்டு எடுத்தே?" என்றார், வீடு இன்னும் அவருடையதே என்கிற தோரணையில். பிறகு அவரே இளகி, அரை மணி நேரம் பேசினார். கிழக்கு ஜன்னலின் கீழ்த் தாழ்ப்பாளை ஆடிக் காற்றுக்கு முன் போட்டுவிட வேண்டுமாம், மேல் தாழ்ப்பாள் மட்டும் போட்டால் ராத்திரி முழுக்க அடித்துக்கொள்ளும். கிணற்றுக்குக் கோடையிலும் வற்றாத ஊற்று வடமேற்கு மூலையில். தூர் வாரும்போது அங்கே கடப்பாரை போடக் கூடாது. மரநாயைப் பற்றிக் கேட்டேன். "அதுவா, அது எங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்கு" என்றார்.

இதையெல்லாம் சாவி கொடுக்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம் போல இருந்தது. வீடு விற்கிறவர் குறை சொல்லி விற்க மாட்டார், அவ்வளவுதான். இப்போது வாரம் ஒருமுறை அவரே கூப்பிடுகிறார்.

கொரட்டூர் கோமதி
நவம்பர் 18

அவர் சொல்வதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரை என்ன தரை என்று சொல்லவே இல்லையே?

அரசலாற்றங்கரை
நவம்பர் 18

கூடத்தில் சிவப்பு ஆக்சைடு அக்கா. நடுவில் வழவழவென்று முகம் பார்க்கலாம், ஓரங்களில் மங்கிக் கிடக்கிறது. மேலே டைல்ஸ் ஒட்டச் சொல்லி இரண்டு பேர் யோசனை சொல்லிவிட்டார்கள்.

கொரட்டூர் கோமதி
நவம்பர் 18

டைல்ஸ் ஒட்ட வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டும் அந்தத் தரையில் படவே கூடாது. வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு ஓரங்களில் தேய்த்து, மறுநாள் காய்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். ஒரே நாளில் மினுங்காது. மாதத்துக்கு ஒருமுறை செய்துகொண்டே வாருங்கள். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், மாமியார் நடக்கிற இடத்தில் மட்டும் கை அடக்கம் வேண்டும்.

அரசலாற்றங்கரை
ஜனவரி 24

மழை ஓய்ந்துவிட்டது. நோட்டில் பார்த்தால் ஒழுகல் எல்லாம் அந்த ஒரே இணைப்பில்தான். மெட்ராஸ் டெரஸில் ஒரு சொட்டு கூட இல்லை. ரேழி உத்திர நுனிக்குக் கல் தாங்கி வைத்தாயிற்று. கூடத்துச் சுவரில் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துக் காயவிட்டிருக்கிறோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் பாபநாசம் பக்கம் கிடைத்திருக்கிறார்.

இணைப்பு ஒழுகலுக்கு அவர், சிமெண்ட்டைக் கெட்டியாகக் குழைத்து மூலையில் சாய்வாக அடித்துவிடலாம் என்கிறார். ஏற்கெனவே அப்படி அடித்த தடம் இரண்டு மூன்று அடுக்காக இருக்கிறது, எல்லாம் வெடித்திருக்கிறது. என்ன செய்யட்டும் சார்?

ஓய்வு ஓவர்சியர்
ஜனவரி 25

சுண்ணாம்புத் தளமும் கான்கிரீட் தளமும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. நடுவில் விறைப்பாக எதை அடைத்தாலும் அடுத்த சித்திரையில் வெடிக்கும். பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்து, இணைப்பை அரை அங்குலப் பள்ளமாகச் சுத்தம் செய்து, இழுத்தால் நீள்கிற சீலண்ட்டால் நிரப்புங்கள். அதன் மேல் அலுமினியத் தகட்டை மடித்து, உயரமாக இருக்கிற தளத்தின் பக்கம் மட்டும் ஆணி அடித்து, மறுபக்கம் சும்மா படிந்து நிற்க விடுங்கள். இரண்டு பக்கமும் ஆணி அடித்தால் தகடு கிழியும். கொத்தனாரிடம் இதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு இரண்டு பக்கமும் அடிப்பார். நீங்கள் மேலே நில்லுங்கள்.

சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வாங்கி, நீற்றித் தண்ணீருக்கடியில் ஊறப்போடுங்கள். குறைந்தது இரண்டு வாரம். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. ஒன்றுக்கு மூன்று மணல். சாக்குத் தொங்கவிட்டுத் தினமும் லேசாகத் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். சிமெண்ட் மாதிரி நாலே நாளில் இறுகாது. அவசரப்பட்டு வெள்ளையடித்துவிடாதீர்கள்.

அரசலாற்றங்கரை
ஜனவரி 25

சரி சார். கடுக்காய் எவ்வளவு போடுவது? நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன், வயிற்றுக்கா சுவருக்கா என்று கேட்கிறார்.

ஓய்வு ஓவர்சியர்
ஜனவரி 25

சுவருக்கு என்றால் கொட்டையோடு, இடித்தது. அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும், உங்கள் பாபநாசத்துக்காரர் கைப்பக்குவத்துக்கே விட்டுவிடுங்கள். வெல்லம் சேர்த்தால் எறும்பு வரும், மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.